டி2டி வயர்லெஸ், வள ஒதுக்கீடு: காப்புரிமை ஆய்வில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு கருவிகள் கோபுரத்தின் (பேஸ் ஸ்டேஷன்) வழியாகச் சுற்றிப் போகாமல் நேராகப் பேசிக்கொள்வதும் (டி2டி, அதாவது டிவைஸ்-டு-டிவைஸ்), அந்தப் பேச்சுக்கு எந்த அலைவரிசைத் துண்டை எந்த நேரத்தில் கொடுப்பது என்பதும்தான் இந்தப் பக்கத்தின் பொருள். இந்தத் துறையில் விண்ணப்பம் எழுதும் பொறியாளர்களும், காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன பதில் எழுதுவது என்று யோசிப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

பேஸ் ஸ்டேஷன் ஏற்கெனவே எல்லாருக்கும் வளம் ஒதுக்குகிறது. டி2டி வந்தால் புதிதாக என்ன சிக்கல்?

சாதாரண செல்லுலார் தொடர்பில் ஒரு முனை எப்போதும் பேஸ் ஸ்டேஷன். சிக்னல் எவ்வளவு பலமாக வந்தது, பாக்கெட் வந்து சேர்ந்ததா, எத்தனை முறை மறுபடி அனுப்ப வேண்டியிருந்தது என்பதெல்லாம் அதற்கு நேரடியாகத் தெரியும். டி2டியில் இரண்டு முனையிலும் டெர்மினல்கள்தான், அதாவது பயனரின் கருவிகள்தான், இருக்கின்றன. தான் கேட்காத ஓர் உரையாடலுக்கு பேஸ் ஸ்டேஷன் நேரம் ஒதுக்கித் தர வேண்டியிருக்கிறது.

இந்த அறியாமைதான் துறையின் மையம். அதை நிரப்ப யார் யாருக்கு எதைச் சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும், சொல்ல முடியாதபோது டெர்மினலே எப்படி முடிவெடுப்பது என்பதில்தான் நல்ல கண்டுபிடிப்புகள் பிறக்கின்றன. காப்புரிமை ஆய்விலும் இந்தப் புள்ளியில் நிற்கும் விண்ணப்பங்கள் பிழைக்கின்றன. மற்றவை பெரும்பாலும் சாதாரண அப்லிங்க் ஷெட்யூலிங்கை (கருவியிலிருந்து பேஸ் ஸ்டேஷனுக்குப் போகும் தரவுக்கு வளம் ஒதுக்குவதை) எடுத்து டி2டி என்று பெயர் மாற்றியதாகவே ஆய்வாளருக்குத் தெரியும்.

கருவிகள் நேராகப் பேசுவது என்ற கருத்துக்கே உரிமை கேட்க முடியுமா?

முடியாது, அந்தக் கதவு எப்போதோ மூடிவிட்டது. காவல்துறை போன்றவை பயன்படுத்தும் டெட்ரா கைபேசிகளில் நேரடி முறை 1990-களிலேயே இருந்தது. ப்ளூடூத்தும் வைஃபையும் தெரிந்த கதை. செல்லுலார் அலைவரிசையையே டி2டி ஜோடிகளோடு பகிர்ந்துகொண்டு, குறுக்கீட்டை பேஸ் ஸ்டேஷன் கட்டுப்படுத்துவது என்ற யோசனை 2009 டிசம்பரிலேயே ஐஇஇஇ கம்யூனிகேஷன்ஸ் மேகசினில் விரிவாக வந்துவிட்டது. மையக் கட்டுப்பாடு இல்லாமல் கருவிகளே தங்களுக்குள் முறை போட்டுக்கொள்ளும் ஃப்ளாஷ்லிங்க்யூ முறை 2010-இல் வெளியானது.

அப்புறம் தரப்படுத்தல் வந்தது. செல்லுலார் தரங்களை எழுதும் 3ஜிபிபி கூட்டமைப்பின் வெளியீடு 12, கருவிகளுக்கு இடையிலான நேரடி இணைப்பை சைட்லிங்க் என்ற பெயரில் எல்டிஇக்குள் (4ஜி) கொண்டுவந்தது. முறை 1-இல் பேஸ் ஸ்டேஷன் வளத்தைக் குறிப்பிட்டுத் தருகிறது. முறை 2-இல் ஒரு வளத் தொகுப்பிலிருந்து டெர்மினலே எடுத்துக்கொள்கிறது. வெளியீடு 14 வாகனங்களுக்காக முறை 3, முறை 4 இரண்டையும் சேர்த்தது. வெளியீடு 16-இல் இது 5ஜிக்கு வந்தது. ஒவ்வொரு படியிலும் ஆயிரக்கணக்கான பக்கங்கள் பொதுவெளியில் சேர்ந்திருக்கின்றன.

ஆய்வாளர் முதலில் எதைப் படிப்பார்?

உரிமைகோரலை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று சொல்லும் பகுதியை. விளக்கப் பகுதியில் நீங்கள் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும், முதல் சுற்றில் எடை போடப்படுவது உரிமைகோரலின் சொற்கள்தான். அமெரிக்க அலுவலகம் அந்தச் சொற்களுக்கு நியாயமான அளவில் மிகப் பரந்த பொருளைக் கொடுத்துப் படிக்கும்.

ஒரு உதாரணம். "முதல் கருவி வளம் கேட்டுச் செய்தி அனுப்புகிறது; இரண்டாம் கருவி வளத்தைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்புகிறது; முதல் கருவி அந்த வளத்தில் தரவை அனுப்புகிறது." எழுதியவர் மனதில் இருந்தது 5ஜி சைட்லிங்க். ஆனால் 1997-இல் வந்த முதல் 802.11 தரத்திலேயே ஆர்டிஎஸ், சிடிஎஸ் என்ற சின்னச் செய்திகள் இருக்கின்றன: ஒன்று அனுப்பலாமா என்று கேட்கும், மற்றது இவ்வளவு நேரம் உனக்கு என்று பதில் சொல்லும். உரிமைகோரல் அப்படியே அதன்மேல் பொருந்திவிடுகிறது. ஆய்வாளர் சைட்லிங்க் ஆவணம் எதையும் தேட வேண்டிய தேவையே இல்லை.

அதனால் "வளம்", "தகவல்", "சிக்னல்" என்ற பொதுச் சொற்களை உரிமைகோரலில் பார்த்தால் நிறுத்திக் கேளுங்கள்: எந்த வளம், எந்தக் கணக்கில் அளந்த தகவல், யார் யாருக்கு அனுப்பிய சிக்னல்?

3ஜிபிபி கூட்ட ஆவணங்களை ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும்?

மற்றத் துறைகளில் ஆய்வாளர் பழைய காப்புரிமைகளையும் ஆய்விதழ்களையும் தேடுவார். இங்கே அவற்றைவிடக் கூர்மையான ஆயுதம் 3ஜிபிபி பணிக்குழுக்களின் கூட்டங்களுக்கு நிறுவனங்கள் அனுப்பும் பங்களிப்புகள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் அவை பொதுச் சர்வரில் ஏற்றப்படுகின்றன. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஏற்றிய நாளும் நேரமும் பதிவாகியிருக்கும். கூட்டம் நடந்த நாளைவிட ஏற்றிய நாள் முந்தையது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இந்த ஆவணங்களில் ஏற்றுக்கொள்ளப்பட்டவை மட்டும் கணக்கில் வரும் என்று நினைப்பது பெரிய தவறு. தரத்தில் சேராமல் தள்ளப்பட்ட யோசனையும் வெளியான நாளிலிருந்து முன்னறிவுதான், அதாவது உங்களுக்கு எதிராகக் காட்டக்கூடிய, ஏற்கெனவே வெளியான அறிவு.

இன்னொன்றை நான் கவலையோடு சொல்ல வேண்டும். ஆய்வு நிலையில் உள்ள பங்களிப்புகள் "வழி 1, வழி 2, வழி 3" என்று பட்டியல் போடும். எது சிறந்தது என்று சொல்லாது. பின்னால் பார்க்கலாம் என்று விட்டுவிடும். நீங்கள் பிறகு வழி 2-ஐ முழுமையாக வடிவமைத்து விண்ணப்பம் போட்டால், ஆய்வாளர் அந்தப் பட்டியலைக் காட்டுவார். எண்ணிக்கையில் குறைந்த, விளைவு ஊகிக்கக்கூடிய வழிகளில் ஒன்றை முயன்று பார்ப்பது வெளிப்படையானதே என்று வாதிட, அமெரிக்காவில் 2007-ஆம் ஆண்டின் கேஎஸ்ஆர் தீர்ப்பு அவருக்குக் கைகொடுக்கும். அங்கே நீங்கள் தப்பிக்க வேண்டுமானால், வழி 2 வேலை செய்ய அந்தப் பட்டியல் சொல்லாத ஏதோ ஒன்று தேவைப்பட்டது என்று காட்ட வேண்டும். அந்த "ஏதோ ஒன்று" உரிமைகோரலில் இருக்கவும் வேண்டும்.

எங்கள் குழுவே கொடுத்த பங்களிப்பு எங்களுக்கு எதிராக வருமா?

வரும். ஐரோப்பாவில் சலுகைக் காலம் (சொந்த வெளியீட்டுக்குப் பிறகும் விண்ணப்பிக்க விடும் அவகாசம்) நடைமுறையில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெளிப்படையான துரோகத்தால் கசிந்தது போன்ற மிகக் குறுகிய விதிவிலக்குகளே உண்டு. அமெரிக்காவில் கண்டுபிடித்தவரின் சொந்த வெளியீட்டுக்கு ஓராண்டு சலுகை இருக்கிறது. ஜப்பானிலும் தென்கொரியாவிலும் ஓராண்டு, நிபந்தனைகளோடு. ஒரே பங்களிப்பு ஒரு நாட்டில் காயப்படுத்தாமலும் இன்னொரு நாட்டில் உயிரை எடுக்கவும் முடியும்.

நான் பார்த்த ஒரு கோப்பில் விண்ணப்பம் திங்கட்கிழமை போனது. பங்களிப்பு அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை சர்வரில் ஏறியிருந்தது. வார இறுதிதான் இடைவெளி. அருமையான யோசனை, ஐரோப்பாவில் ஒன்றும் மிச்சமில்லை. பொறியாளருக்கு அதை விளக்கிச் சொல்வது எனக்கு மிகக் கடினமாக இருந்தது.

அதனால் பலர் பங்களிப்பை ஏற்றும் முன் அதையே தற்காலிக விண்ணப்பமாக அமெரிக்காவில் போட்டுவிடுகிறார்கள். ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆனால் 12 மாதத்துக்குள் போடும் முழு விண்ணப்பத்தின் உரிமைகோரலுக்கு முன்னுரிமைத் தேதி (முதல் ஆவணம் போட்ட நாள்) கிடைக்க, அந்தக் கண்டுபிடிப்பே முதல் ஆவணத்தில் இருந்திருக்க வேண்டும். ஐரோப்பிய விரிவாக்க மேல்முறையீட்டுக் குழுவின் ஜி 2/98 முடிவு இதில் கண்டிப்பானது. நான்கு பக்கப் பங்களிப்பில் "பொருத்தமான வரம்பு" என்று மட்டும் இருந்து, அந்த வரம்பை எப்படிக் கணக்கிடுவது என்பது முழு விண்ணப்பத்தில்தான் வந்தால், அந்தக் கணக்கைக் கோரும் உரிமைகோரலுக்குப் பிந்தைய தேதிதான். நடுவில் ஏறிய உங்கள் பங்களிப்பே அதற்கு எதிராக நிற்கும்.

ஒரே கூட்டத்துக்கு முன்னால் இரண்டு நிறுவனங்கள் ஒரே யோசனையை விண்ணப்பித்தால்?

இது அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் எல்லாரும் ஒரே திறந்த கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதம் கழித்தே வெளியாகும், ஆகவே போடும்போது எதிரே யார் இருக்கிறார் என்று தெரியாது. முன்னால் போட்டது பின்னால் வெளியானால், ஐரோப்பாவில் அது புதுமைக்கு எதிராக மட்டும் எடுத்துக்கொள்ளப்படும். கண்டுபிடிப்புப் படிக்கு (துறை தெரிந்தவருக்கு வெளிப்படையாகத் தோன்றாத முன்னேற்றம்) எதிராகப் பயன்படாது. அமெரிக்காவில் இரண்டுக்குமே பயன்படும். ஆகவே ஐரோப்பாவில் ஒரு சிறிய, ஆனால் உண்மையான வேறுபாடு போதும். அமெரிக்காவில் அந்த வேறுபாடு வெளிப்படையானதல்ல என்றும் நிறுவ வேண்டும்.

கண்டுபிடிப்புப் படி பற்றிய வாதம் நடைமுறையில் எப்படிப் போகும்?

ஒரு உரிமைகோரலை நாமே எழுதி, ஆய்வாளர் இடத்தில் உட்கார்ந்து பார்ப்போம்.

"முதல் டெர்மினல், தன் பஃபரில் காத்திருக்கும் சைட்லிங்க் தரவின் அளவையும், அதில் மிகப் பழைய பாக்கெட்டுக்கு மிச்சமிருக்கும் நேரத்தையும் பேஸ் ஸ்டேஷனுக்கு அறிவிக்கிறது, பேஸ் ஸ்டேஷன் அதன்படி சைட்லிங்க் வளத்தை ஒதுக்குகிறது."

ஆய்வாளர் முதல் ஆவணமாக வெளியீடு 12-இன் முறை 1-ஐ எடுப்பார். சைட்லிங்க் பஃபர் நிலை அறிக்கை அதில் உண்டு, அதைப் பார்த்து வளம் தருவதும் உண்டு. வேறுபாடு மிச்ச நேரம் மட்டும். ஐரோப்பிய முறையில் அடுத்து அவர் கேட்பது, இந்த வேறுபாட்டால் என்ன தொழில்நுட்ப விளைவு என்பது. பாக்கெட் காலாவதியாகும் முன் போய்ச் சேரும். சரி, அப்படியானால் தீர்க்க வேண்டிய பிரச்சினை தாமதத்தைக் கட்டுப்படுத்துவது. சாதாரண அப்லிங்க்கில் மிச்ச நேரத்தை அறிவித்து முன்னுரிமை கேட்கும் ஓர் ஆவணம் அவர் கையில் கிடைத்தால், இரண்டையும் சேர்த்துவிடுவார். என் நேர்மையான கருத்து: அந்த நிலையில் இந்த உரிமைகோரல் தோற்கும், தோற்கவும் வேண்டும். அப்லிங்க்கில் தெரிந்ததை சைட்லிங்க்குக்கு மாற்றியதைத் தவிர இதில் வேறொன்றும் இல்லை.

இப்போது விளக்கப் பகுதியைத் திரும்பப் படிக்கிறோம். அதில் இன்னொரு விஷயம் இருக்கிறது என்று வையுங்கள்: மிச்ச நேரம் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கி, எதிர்முனை டெர்மினல் அந்தப் பாக்கெட் சரியாக வரவில்லை என்று தெரிவித்தும் இருந்தால், பேஸ் ஸ்டேஷன் சைட்லிங்க்கில் இன்னொரு வாய்ப்புத் தராமல், அதே பாக்கெட்டைத் தன் வழியாகத் திருப்பி அனுப்ப அப்லிங்க் வளத்தைத் தருகிறது.

இங்கே ஆட்டம் மாறுகிறது. சாதாரண அப்லிங்க்கில் பாதையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியே எழாது, ஒரே பாதைதான். முதல் ஆவணம் வளம் தருவதோடு நிற்கிறது. இரண்டாவது ஆவணத்தில் மிச்ச நேரம் வரிசையை மாற்ற மட்டும் பயன்படுகிறது. இரண்டையும் சேர்த்தாலும் கிடைப்பது வேகமாக ஒதுக்கப்பட்ட சைட்லிங்க் வளமே. பாதை மாற்றம் கிடைக்காது. பிரச்சினையும் வேறு: தனக்குக் கேட்காத ஓர் இணைப்பு இந்தப் பாக்கெட்டுக்கு இனி உதவாது என்று பேஸ் ஸ்டேஷன் எப்போது முடிவு செய்வது?

இந்தத் திருத்தம் உடனே அனுமதி வாங்கித் தரும் என்று சொல்லவில்லை. ரிலே ஆவணங்களையும், வெளியீடு 16-இல் டெர்மினல் சைட்லிங்க் ஒப்புதலை (பாக்கெட் வந்ததா என்ற பதிலை) பேஸ் ஸ்டேஷனுக்குத் தெரிவிக்கும் வழியையும் ஆய்வாளர் தேடிக் கொண்டுவருவார். ஆனால் இனி அவர் மூன்று ஆவணங்களை ஒட்ட வேண்டும், ஒட்டுவதற்குக் காரணமும் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தைத்தான் உங்கள் பதில் குறிவைக்க வேண்டும். "மேற்கோள் ஆவணங்கள் எங்கள் கண்டுபிடிப்பைக் கூறவில்லை" என்று மூன்று பக்கம் எழுதுவதால் ஒரு பயனும் இல்லை.

ஷெட்யூலிங் வெறும் கணக்குத்தானே என்று தள்ளிவிடுவார்களா?

வரைபடத்துக்கு வண்ணம் பூசும் கணக்கு, ஏலம், விளையாட்டுக் கோட்பாடு என்று கணிதமாகவே எழுதினால் ஆபத்து உண்டு. ஐரோப்பாவில் டி 641/00 முடிவு வழிகாட்டுகிறது: தொழில்நுட்பத் தன்மைக்குப் பங்களிக்கும் அம்சங்கள் மட்டுமே கண்டுபிடிப்புப் படியில் எடை பெறும். அமெரிக்காவில் 2014-இன் ஆலிஸ் தீர்ப்புக்குப் பின் அருவக் கருத்து என்ற மறுப்பு வரலாம். இந்தியச் சட்டத்தின் 3(கே) பிரிவு கணித முறைகளையும் அல்காரிதங்களையும் விலக்குகிறது.

மருந்து ஒன்றுதான். கணக்கின் உள்ளீடு அளக்கப்பட்ட ரேடியோ அளவாக இருக்கட்டும். வெளியீடு உண்மையில் ஒரு டெர்மினல் ஓர் அலைவரிசையில் அனுப்புவதாகவோ, சக்தியைக் குறைப்பதாகவோ முடியட்டும். இரண்டு முனையும் காற்றலையில் ஊன்றியிருந்தால் நடுவில் இருக்கும் கணக்கும் தொழில்நுட்பத்தின் பகுதியாகப் படிக்கப்படும். ஏலத்தில் "விலை" என்று எழுதியிருப்பது உண்மையில் குறுக்கீட்டின் அளவு என்றால், குறுக்கீடு என்றே எழுதுங்கள்.

"இப்படி இருந்தால் இதைச் செய்" என்ற உரிமைகோரல்களில் என்ன கவனிக்க வேண்டும்?

ஷெட்யூலிங் முழுக்க நிபந்தனைதான்: சுமை வரம்பைத் தாண்டினால் தொகுப்பை மாற்று, பேஸ் ஸ்டேஷன் எல்லைக்கு வெளியே போனால் தானே தேர்ந்தெடு. செய்முறை உரிமைகோரலில் இப்படி எழுதும்போது ஒரு குழி இருக்கிறது. அமெரிக்க மேல்முறையீட்டு வாரியம் 2016-இல் ஷுல்ஹவுசர் வழக்கில் சொன்னது, அதை முன்னோடி முடிவாகவும் அறிவித்தது: நிபந்தனை நிறைவேறாத நிலையையும் செய்முறை உரிமைகோரல் உள்ளடக்குமானால், நிபந்தனைக்குப் பின்னால் வரும் படியை ஆய்வாளர் முன்னறிவில் காட்ட வேண்டியதில்லை. உங்கள் முழுக் கண்டுபிடிப்பும் அந்த "ஆல்" விகுதிக்குப் பின்னால் இருந்தால், அது இல்லாததுபோல் படிக்கப்படும்.

"சுமை வரம்பைத் தாண்டியதைக் கண்டறிதல், கண்டறிந்ததன் பேரில் தொகுப்பை மாற்றுதல்" என்று எழுதினால் நிபந்தனை நடந்துவிட்டதாகவே ஆகிறது. கருவி உரிமைகோரலில் இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் அந்த வேலையைச் செய்யும் அமைப்பு கருவிக்குள் இருந்தாக வேண்டும்.

திருத்தும்போது ஒரு வரம்பு எண்ணை மட்டும் விளக்கப் பகுதியிலிருந்து எடுத்துச் சேர்க்கலாமா?

எல்டிஇ முறை 4-ஐ நினைத்துப் பாருங்கள். டெர்மினல் கடந்த 1000 மில்லிவினாடிகளைக் கவனிக்கிறது, பலமான சிக்னல் தெரிந்த வளங்களை ஒரு வரம்பு வைத்து விலக்குகிறது, 20 சதவீதமாவது மிஞ்சாவிட்டால் வரம்பை உயர்த்தி மறுபடி பார்க்கிறது, பிறகுதான் தேர்ந்தெடுக்கிறது. இவை ஒன்றோடொன்று பின்னிய படிகள். இதேபோல நீங்கள் விவரித்த ஒரு முறையிலிருந்து வரம்பை உயர்த்தும் படியை மட்டும் பிடுங்கி உரிமைகோரலில் வைத்தால், கவனிக்கும் காலமும் மிச்ச விழுக்காடும் இல்லாத அந்தத் தனிப் படி மூல விண்ணப்பத்தில் எங்கே இருந்தது என்று ஐரோப்பிய ஆய்வாளர் கேட்பார். நேரடியாகவும் ஐயமின்றியும் மூலத்திலிருந்து பெறக்கூடியதா என்பதே அங்கே அளவுகோல். அந்த அலுவலகம் இதில் தளர்வதில்லை.

எழுதும்போதே ஒவ்வொரு படியையும் தனியாகவும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவையுங்கள்: "கவனிக்கும் காலம் எதுவாக இருந்தாலும் வரம்பை உயர்த்தலாம்." அந்த ஒரு வாக்கியம் மூன்று ஆண்டு கழித்து விண்ணப்பத்தைக் காப்பாற்றும்.

டெர்மினலுக்கா, பேஸ் ஸ்டேஷனுக்கா, இரண்டும் சேர்ந்த அமைப்புக்கா உரிமை கேட்பது?

தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு டெர்மினலும் ஒரு பேஸ் ஸ்டேஷனும் சேர்ந்து செய்யும் செய்முறையை ஒரே உரிமைகோரலில் எழுதினால், அதை மீறியவர் யார் என்று பிறகு நிறுவுவது கடினம். மூன்றும் மூன்று பேர் கையில் இருக்கும். அனுப்பும் டெர்மினல், பெறும் டெர்மினல், பேஸ் ஸ்டேஷன் என்று ஒவ்வொன்றின் கண்ணோட்டத்திலும் ஒன்று.

டெர்மினலின் உரிமைகோரலில் "பேஸ் ஸ்டேஷன் குறுக்கீட்டைக் கணக்கிட்டுத் தேர்ந்தெடுத்த வளத்தைப் பெறுகிறது" என்று எழுதினால், அந்தத் தேர்வு டெர்மினலுக்குள் நடப்பதில்லை. அதை ஆய்வாளர் கணக்கில் எடுக்காமல் விடலாம். டெர்மினல் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் ஏதாவது இருக்கிறதா, வரும் செய்தியில் ஒரு புலம், ஒரு நேர இடைவெளி என்று பார்த்து அதை எழுதுங்கள்.

"ஒதுக்கும் அலகு", "தீர்மானிக்கும் அலகு" என்று எழுதலாமா?

அமெரிக்காவில், அமைப்பைச் சொல்லாமல் செயலை மட்டும் சொல்லும் உரிமைகோரல்களுக்கான 112(எஃப்) பிரிவின் கீழ் போகும் வாய்ப்பு அதிகம். 2015-இன் வில்லியம்சன் தீர்ப்புக்குப் பிறகு, "வழிமுறை" என்ற சொல் இல்லாவிட்டாலும் இப்படிப்பட்ட வெற்றுப் பெயர்கள் அதில் சிக்கலாம். அப்போது விளக்கப் பகுதியில் அல்காரிதம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பாய்வு வரைபடம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

சிமுலேஷன் முடிவுகள் வேண்டுமா?

கட்டாயமில்லை. ஆனால் குறுக்கீடு குறைகிறது என்பதுதான் உங்கள் வாதம் என்றால், எந்த நிலைமையில் குறைகிறது என்ற விளக்கமாவது போட்ட நாளிலேயே இருக்க வேண்டும். பின்னால் கொண்டுவரும் வரைபடங்கள் முன்பே சொன்னதற்குத் துணை நிற்கும். புதிய விளைவை உருவாக்கித் தராது.

போடும் முன் நாமே எங்கே தேடலாம்?

காப்புரிமை வகைப்பாட்டில் எச்04டபிள்யூ 72/40 என்பது நேரடித் தொடர்புக்கான வள மேலாண்மை. நேரடி இணைப்பை அமைப்பதற்கு 76/14, டெர்மினல்களுக்கு இடையிலான இடைமுகத்துக்கு 92/18, அக்கம்பக்கக் கருவிகளைக் கண்டுபிடிக்க 8/005, வாகனத் தொடர்புக்கு 4/40. சொல்லை வைத்துத் தேடும்போது சைட்லிங்க் என்று மட்டும் போட்டால் பழைய ஆவணங்கள் சிக்காது; பியர் டு பியர், டைரக்ட் மோட், அட் ஹாக், ப்ரோஸ் என்று காலத்துக்கு ஒரு பெயர் இருந்தது.

3ஜிபிபி பக்கம் ரேடியோ விஷயங்களுக்கு ரான்1, செய்முறைகளுக்கு ரான்2 குழுவின் கூட்டக் கோப்புகளைப் பாருங்கள். எல்டிஇ டி2டிக்கு 36.843 எண்ணுள்ள ஆய்வறிக்கை நல்ல தொடக்கம்; எந்தக் கேள்விகள் அப்போதே எழுந்தன என்று அதில் தெரியும்.

எங்கள் உரிமைகோரல் தரத்தோடு பொருந்துகிறது. ஆய்வாளருக்கு அது முக்கியமா?

இல்லை. தரத்துக்கு இன்றியமையாதது என்று ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர அமைப்பான எட்சியிடம் அறிவிப்பது உரிமையாளரின் சொந்த அறிவிப்பு; எட்சி அதைச் சரிபார்ப்பதில்லை, காப்புரிமை அலுவலகமும் அதை எடைபோடுவதில்லை. தரம் உறைந்த பிறகு உரிமைகோரலை அதன் சொற்களுக்கு ஏற்ப வளைக்க ஆசை வரும். மூல விண்ணப்பத்தில் ஆதாரம் இருக்கும் அளவுக்கு அது முறையானதே. தரம் "நேர இடைவெளி" (ஸ்லாட்) என்று முடிவு செய்திருக்க, உங்கள் விண்ணப்பத்தில் "துணைச்சட்டகம்" (சப்ஃப்ரேம்) மட்டும் இருந்தால், அந்தத் தூரத்தைத் திருத்தத்தால் கடக்க முடியாது. போடும்போதே இரண்டு மூன்று மாற்று வடிவங்களை எழுதிவைப்பது இதற்காகத்தான்.

ஆய்வாளரிடம் நேரில் பேசுவது உதவுமா?

மிகவும் உதவும். பெரும்பாலான அலுவலகங்களில் தொலைபேசியிலோ காணொளியிலோ நேர்காணல் கேட்கலாம். போகும்போது ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு போங்கள்: பேஸ் ஸ்டேஷன், இரண்டு டெர்மினல், நடுவில் நேரக் கோடு. அதில் பேஸ் ஸ்டேஷனுக்குத் தெரியாத தருணத்தைக் குறித்து, உங்கள் சிக்னல் எந்த நொடியில் அதைத் தெரியவைக்கிறது என்று காட்டுங்கள். மேற்கோள் ஆவணத்தின் நேரக் கோட்டையும் கீழே வரையுங்கள். இரண்டும் வேறு என்றால் அவருக்கே தெரிந்துவிடும். இரண்டும் ஒன்றாகவே தெரிந்தால், அதே தாளில் எந்த அம்சத்தைச் சேர்த்தால் கோடுகள் பிரியும் என்று அவரோடு சேர்ந்து தேட ஆரம்பியுங்கள்.